வாசகர் கேள்வி – பதில்: சிகிச்சைச் சவாரி மையத்தில் தொண்டு

கேள்வி: மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லித்தரும் மையத்தில் உதவ ஆசை. குதிரை ஏறியதே இல்லை. சேர்த்துக்கொள்வார்களா?

பதில்: தாராளமாக. தன்னார்வலர் வேலை பெரும்பாலும் தரையில்தான். மணலில் அரை மணி, முக்கால் மணி நேரம் விடாமல் நடக்க முடியவேண்டும். விரல் மூடிய கெட்டிக் காலணி கட்டாயம். வளையக் கம்மலும் தொங்கும் சால்வையும் வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: சவாரி செய்யும் பையனுக்குப் பக்கத்தில் நடக்கிறேன். பத்து நிமிடத்தில் தோள் கடுக்கிறது. அவனும் என் பக்கமாகவே சரிகிறான். எங்கே தவறு?

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்: உங்கள் கையின் கனம். தொடைப் பிடியில், குதிரைப் பக்கத்துக் கையை மடக்கி, முன்கையை முழங்காலுக்குச் சற்று மேலே தொடையின் குறுக்காக வைத்து, விரல்களால் சேணத்தின் முன்விளிம்பைப் பற்றவேண்டும். பிடி சேணத்தில்; தொடையில் முன்கை லேசாகப் பட்டால் போதும். களைத்ததும் நம்மை அறியாமல் கையைத் தொடைமேல் தொங்கவிடுவோம். அந்தக் கனம்தான் பையனை இழுக்கிறது. முழங்கை குதிரையின் விலாவில் இடிக்காமலும் பாருங்கள். அது குதிரைக்கு ‘வேகமாகப் போ’ என்ற உத்தரவு.

கை கடுத்தால் பயிற்சியாளரிடம் சொல்லிக் குதிரையை நிறுத்தி, குதிரையின் மறுபக்கம் நடக்கும் தன்னார்வலரோடு இடம் மாறுங்கள். ஒருவர் பின் ஒருவராக மாறவேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் கையெடுக்கக் கூடாது. பையன் சரிந்தால் சட்டையைப் பிடித்து மேலே இழுக்காதீர்கள். நிறுத்தச் சொல்லுங்கள். பல நேரம் சரிந்திருப்பது பையனல்ல, வயிற்றுப் பட்டை தளர்ந்து சேணமே சரிந்திருக்கும்.

இன்னொன்று. குதிரை நடக்கையில் அதன் முதுகு சவாரி செய்பவரின் இடுப்பை முன்பின், பக்கவாட்டு, சுழற்சி என மூன்று விதமாகவும் அசைக்கிறது. நாம் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறக்குறைய அப்படித்தான். சிகிச்சையே அந்த அசைவில் இருக்கிறது. பயத்தில் இறுக்கிப் பிடித்தால் அது பையனுக்குக் கிடைக்காது. அவனுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் பிடியுங்கள். பயிற்சியாளர் சொன்னதையே நீங்களும் திருப்பிச் சொல்லி அவனைக் குழப்பவும் வேண்டாம்.

கேள்வி: குதிரையை நடத்தும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டதற்குத் திட்டு வாங்கினேன். நழுவாமலிருக்கத்தானே சுற்றினேன்?

பதில்: குதிரை மிரண்டால் சுற்று இறுகும். விரல் போகலாம், ஆளையே இழுத்துக்கொண்டும் ஓடலாம். மீதிக் கயிற்றை முன்னும் பின்னுமாக மடித்து, மடிப்புகளின் நடுவில் இடக்கையால் பிடியுங்கள். வலக்கை, கயிற்றைக் குதிரையின் தலைக்கச்சையில் மாட்டும் கொக்கிக்கு ஒரு சாண் கீழே. குதிரையின் தலைக்கும் தோளுக்கும் இடையில், முன்னால் பார்த்து நடங்கள். பிள்ளையைப் பார்க்கத் திரும்பினால் குதிரை நின்றுவிடும். பிள்ளையைப் பார்க்கப் பக்கத்தில் ஆள் இருக்கிறார். குதிரைக்கு நீங்கள் மட்டுமே. ‘அவசரமாக இறக்கு’ என்று குரல் வந்தாலும் உங்கள் வேலை குதிரையை நிறுத்தித் தலைமாட்டில் நிற்பதுதான். பிள்ளையின் பாதங்களை அங்கவடியிலிருந்து (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) விடுவித்து, இடுப்பை அணைத்து இறக்குவது இருபக்கமும் நடக்கும் மற்ற இருவர் பாடு.

கேள்வி: மிகவும் சாதுவான குதிரை. சமீபமாகப் பட்டையை இறுக்கும்போது மட்டும் காதைப் பின்னுக்கு மடித்துக் கடிக்க வருகிறது. அதட்டலாமா?

பதில்: வேண்டாம். எங்கோ வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால், பட்டை படும் இடத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். காய்ந்த வியர்வையும் மண்ணும் கட்டிதட்டியிருந்தால் ரப்பர் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து உதிர்த்துவிடுங்கள். (முகத்திலும் கால் எலும்புகளிலும் அந்தப் பிரஷ் ஆகாது.) புண் இருந்தால் அன்றைக்குச் சேணமே கிடையாது. ஒன்றும் தெரியவில்லை என்றால் முதுகுவலி, பொருந்தாத சேணம், இரைப்பைப் புண் என வரிசையாகப் பார்க்கவேண்டும். அது கால்நடை மருத்துவர் வேலை. ஒருபக்கமாகச் சாய்ந்து உட்காருபவர்களையே சுமக்கும் குதிரைக்கு முதுகு பிடித்துக்கொள்வது சகஜம். எந்தக் குதிரைக்கும் பட்டையை ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். ஒவ்வொரு துளையாக, நடுவில் நாலு எட்டு நடக்கவிட்டு இறுக்குங்கள்.

தீனி எடுக்காமல் விலாவைத் திரும்பிப் பார்ப்பது, காலால் தரையைப் பறிப்பது, உருளுவது எல்லாம் வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருப்பது இயல்பு; எண்ணிச் சொன்னால் அவருக்கு உதவும்.

கேள்வி: டவுன் சிண்ட்ரோம் உள்ள மகளைச் சேர்க்கக் கழுத்துப் பரிசோதனைச் சான்று கேட்கிறார்கள். சவாரிக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: இவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிணைப்பு தளர்வாக இருக்கும். குலுக்கலிலோ விழுந்தாலோ தண்டுவடம் நசுங்கலாம். சான்று வாங்கியபின்னும் நடை தடுமாறினாலோ, கைப்பொருள் நழுவினாலோ, சிறுநீர்க் கட்டுப்பாடு தவறினாலோ சவாரியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வகுப்பு முடிந்ததும் குதிரைக்குக் கேரட் ஊட்டலாமா?

பதில்: அனுமதி கேட்டு, நீளவாக்கில் நறுக்கி வாளியில் போடுங்கள், வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும். கையில் ஊட்டிப் பழக்கினால் எதிரில் நீளும் கையையெல்லாம் கேரட் என்றே நினைக்கும்.