வால்சக்கர விமானம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, நானும் மச்சானும் சேர்ந்து புஷ்பக் என்ற சிறிய வால்சக்கர விமானம், பழையது ஒன்று வாங்கியிருக்கிறோம். இரண்டு வருடம் கொட்டகையில் சும்மா நின்றது. எனக்கு உரிமம் உண்டு. ஆனால் இதுவரை ஓட்டியது மூக்குச்சக்கர செஸ்னா மட்டும். பறக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: டி.ஜி.சி.ஏ. (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) பதிவு உங்கள் பெயருக்கு மாறி, ஏ.ஆர்.சி.யும் (பறக்கும் தகுதி மறுஆய்வுச் சான்றிதழ்) காப்பீடும் நடப்பில் இருந்தால்தான் வெளியே எடுக்க வேண்டும். அடுத்தது இன்ஜின். இரண்டு மழைக்காலம் நின்ற புஷ்பக்கின் சி-90 இன்ஜினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலம் வடிந்து, துரு பிடித்திருக்கலாம். ஏ.எம்.இ.யை (உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்) வைத்து மேல் பிளக்குகளைக் கழற்றி, போரோஸ்கோப் (துளை வழியே உள்ளே பார்க்கும் கருவி) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றை விட்டுக் கசிவு பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையின்போது காது கொடுத்துக் கேளுங்கள்: சைலன்சர் வழியே சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்.

குளவியை லேசாக நினைக்காதீர்கள். பிட்டோ குழாயும் (வேகமானிக்குக் காற்றழுத்தம் எடுக்கும் குழாய்) டேங்கின் காற்றுத் துளையும் அதற்குப் பிடித்த இடங்கள். காற்றுத் துளையை மண் அடைத்தால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்கில் வெற்றிடம் உண்டாகி, இன்ஜின் அணைந்துவிடும். தரையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது, ஏறும்போதுதான் தெரியும்.

வால்சக்கரத்தைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அது திரும்பும் அச்சின் மேல்முனை முன்னால் சாய்ந்திருந்தால் பட்டை ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இறங்கும்போது சக்கரம் படபடவென்று அடித்து வாலையே உலுக்கும். ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

இனி நீங்கள். எடைமையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், மூக்கு கொஞ்சம் விலகினாலும் வால் முந்திக்கொள்ளப் பார்க்கும். அதுதான் கிரவுண்ட் லூப். வண்டி அசையாமல் நிற்கும்வரை ரடர் (வாலில் உள்ள திசைத் தகடு) மிதியில் கால் ஓயக்கூடாது. டேக்-ஆஃபில் வால் எழும் கணத்தில் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது கால் தயாராக இருக்கட்டும். ‘தனியாக வேகமாக டாக்ஸி செய்து (தரையில் ஓட்டி) பழகிக்கொள்ளலாம்’ என்ற எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். உருளவும் இல்லாமல் பறக்கவும் இல்லாமல் இருக்கும் அந்த வேகம்தான் மிக ஆபத்தானது. வால்சக்கரத்தில் தேர்ந்த பயிற்றுநரைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் பழக வேண்டும்.

காற்றைப் பற்றி உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று வெயில் ஏற ஏற வலுக்கும். விடிந்ததும் ஓட்டி, வெயில் ஏறும் முன் வண்டியைக் கட்டிவிடுங்கள். டாக்ஸியில் எதிர்க்காற்று என்றால், எலிவேட்டருக்கு (வாலின் கிடைத் தகடு) கைப்பிடியைப் பின்னால் இழுங்கள், ஐலரானுக்கு (இறக்கை முனைத் தகடு) காற்று வரும் பக்கம் திருப்புங்கள். பின்காற்று என்றால் இரண்டும் நேர்மாறு.

கேள்வி: புஷ்பக் விமானத்துக்குப் பங்க் பெட்ரோல் ஊற்றலாமா?
– வாசகர், சித்தூர் (பாலக்காடு)

பதில்: வேண்டாம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் அது ஊறவைத்துக் கெடுக்கும், தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். நீல நிற 100எல்எல் அவ்காஸ் எனும் விமானப் பெட்ரோல்தான் சரி. புஷ்பக்கின் இன்ஜின் 80 ஆக்டேன் பெட்ரோலுக்கு வடிவமைத்தது, 100எல்எல்லில் அதைவிட ஈயம் அதிகம். ஆகவே கீழ்ப் பிளக்குகளில் ஈயமணி (ஈயத்தின் சிறு உருண்டைகள்) சேரும். அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்து மேலும் கீழும் மாற்றிப் போடுங்கள்.

வாங்கியபோதே டேங்கில் இருந்த பெட்ரோல் மீது சந்தேகமா? அளவுக்குழாயில் 90 மி.லி. பெட்ரோலும் 10 மி.லி. தண்ணீரும் விட்டுக் குலுக்கி நிறுத்துங்கள். அடியில் நிற்கும் தண்ணீர் 10-க்கு மேல் ஏறியிருந்தால் எத்தனால் கலந்திருக்கிறது. முழுவதையும் வடித்துவிடுங்கள்.