தலையாக்குவார் என்று எழுதிய அட்டை

அன்புள்ள ஐயா,

பெயர் போட வேண்டாம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு சிற்றூர். வயது 34. மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறார்கள். சபையில் பாடகர் குழுவில் பாடுகிறேன். மூன்று வருடமாக ஃபோனில் ரம்மி ஆடி நாலரை லட்சம் கடன். மனைவிக்குப் பாதிதான் தெரியும்.

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து மத்திய அரசு சட்டம் கொண்டுவந்ததும் ஆப் எல்லாம் நின்றுபோனது. கர்த்தரே கதவை அடைத்துவிட்டார் என்று ஸ்தோத்திரம் சொன்னேன். இரண்டு மாதம் நிம்மதி. அப்புறம் ஒரு நண்பர் கிரிக்கெட் பந்தயக் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார்.

வருஷப் பிறப்பு ஆராதனையில், வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எடுக்கும்போது எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை, ‘கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்’. கடன் தீரப்போவதற்கு இதுதான் அடையாளம் என்று நினைத்தேன். ஜனவரியில் மட்டும் அறுபதாயிரம் போனது.

சபைப் போதகர் ஐயரிடம் ‘ஒரு கெட்ட பழக்கம்’ என்று மட்டும் சொன்னேன். ‘நினைப்பு வரும்போதெல்லாம் வசனத்தைச் சொல்லு, பிசாசு ஓடிப்போவான். இயேசுவே அப்படித்தான் செய்தார்’ என்றார். 91ஆம் சங்கீதம் எனக்கு முழுக்க மனப்பாடம். ராத்திரியில் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் ஃபோனை எடுக்கிறேன். சில நாள் சொல்லும்போதே எடுத்துவிடுகிறேன். வசனத்துக்கு வல்லமை இல்லையா, எனக்கு விசுவாசம் இல்லையா?

*

அன்புள்ள தம்பி,

‘சொல்லும்போதே எடுத்துவிடுகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்கு அம்மாவின் அஞ்சறைப்பெட்டி ஞாபகம் வந்தது.

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது ஞாயிறு பள்ளி வசனப் போட்டியில் 119ஆம் சங்கீதத்தின் முதல் 24 வசனங்களை நிறுத்தாமல் சொல்லி ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். அந்த 24இல் 11ஆவது: ‘நான் உமக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்யாதபடிக்கு, உமது வாக்கை என் இருதயத்தில் வைத்து வைத்தேன்.’ மறுநாள் அம்மா கிணற்றடியில் இருந்த நேரம் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தேன். சீரகத்துக்கு அடியில் நாலாக மடித்து ஒரு இரண்டு ரூபாய்த் தாள். எடுத்தேன். எடுக்கும்போது அந்த வசனத்தைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், அதுவும் வழக்கத்தைவிட வேகமாக. நிறுத்தினால் வேறு ஏதோ காதில் விழுந்துவிடும் என்று பயம். பெட்டிக்கடைக்காரர் தாளை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, ‘உங்க அம்மை சீரகம் வறுத்தே குடுத்துவிட்டாளா?’ என்று கேட்டார். தேன்மிட்டாய் தொண்டையில் இறங்கவில்லை.

அதனால் உங்களுக்கு விசுவாசம் இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் ராத்திரியில் செய்வது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. உள்ளே ஒரு குரல் பேசுகிறது. அது கேட்காமல் இருக்க, அதைவிடச் சத்தமாக வசனத்தை ஓட விடுகிறோம். அந்தக் குரலுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. யாரும் பதில் சொல்லவில்லை என்றால் அது தன் பாட்டுக்குப் பேசி முடித்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு போகிறது.

ஐயர் சொன்னது சரிதான், இயேசு அப்படித்தான் செய்தார். ஆனால் எப்படிச் செய்தார் என்று, வனாந்தரத்தில் பிசாசு அவரைச் சோதிக்கிற மத்தேயு 4ஐ எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். மூன்று சோதனை, மூன்று பதில், மூன்றும் உபாகமத்திலிருந்து. அதிலும் 8:3, 6:16, 6:13. மூன்றே அதிகாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. வனாந்தரத்தில் நாற்பது வருஷம் சுற்றிய ஜனத்துக்கு மோசே திரும்பிப் பார்த்துச் சொல்கிற பகுதி அது. எங்கே பசித்தது, எங்கே முறுமுறுத்தார்கள், எங்கே தோற்றார்கள் என்ற கணக்கு. நாற்பது நாள் பட்டினி கிடந்தவர் அந்தப் பகுதியிலேயே நின்றிருக்கிறார்.

பதில்கள் கேள்விக்கு எப்படிப் பொருந்துகின்றன பாருங்கள். கல்லை அப்பமாக்கு என்றால், ‘மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல’ என்று அப்பத்தைப் பற்றியே பதில். குதி என்றால், தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று பதில். என்னைப் பணிந்துகொள் என்றால், யாரைப் பணிவது என்பதற்குப் பதில். முதல் கேள்விக்கு மூன்றாவது வசனத்தைச் சொல்லியிருந்தால் பொருந்தியே இருக்காது. எதிராளி சொன்னதை முழுசாகக் காதில் வாங்கியவரால்தான் இப்படிப் பேச முடியும்.

இன்னொன்று. அந்தக் காட்சியில் 91ஆம் சங்கீதத்தைச் சொன்னது யார்?

சோதனைக்காரன். தேவாலயத்து உப்பரிக்கையின்மேல் நிறுத்தி, தூதர்கள் உன்னைத் தங்கள் கைகளில் ஏந்திக்கொண்டு போவார்கள் என்று ‘எழுதியிருக்கிறதே’ என்கிறான். சங்கீதத்தில் அந்த வரி, ‘உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி’ என்று தொடங்கும். ‘வழிகளிலெல்லாம்’ என்பதை அவன் விழுங்கிவிட்டான். உப்பரிக்கையிலிருந்து கீழே போவது ஒரு வழியே இல்லை, அதனாலோ என்னவோ. அடுத்த வசனத்தில் சிங்கத்தையும் பாம்பையும் மிதிப்பது வருகிறது, அதற்கு முன்னாலேயே சாமர்த்தியமாக நிறுத்திக்கொள்கிறான். நம் பக்கம் வாசல் டைல்ஸிலும் வேன் கண்ணாடியிலும் இந்தச் சங்கீதம்தான் கண்ணில் படுகிறது. குறை சொல்லவில்லை, என் வீட்டு வாசலிலும் இருக்கிறது. பாதுகாப்பைத் தேடுகிறவனுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் உங்கள் ராத்திரிக் கேள்வி பாதுகாப்பைப் பற்றியது இல்லையே. ‘இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்’ என்று கேட்கிற குரலுக்கு ‘வாதை உன் கூடாரத்தை அணுகாது’ என்று சொன்னால், ‘அப்படியா, நல்லது, அப்போ தைரியமாகப் போடு’ என்றுதான் அது சொல்லும்.

இப்போது அந்த அட்டைக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது அதுதான். உங்களை விழவைத்ததும் ஒரு வசனம், அதுவும் அதே உபாகமம், 28:13. அட்டையில் இடம் கொஞ்சம்தான், பாதி வசனம்தான் அச்சாகும். தட்டில் கைவிட்டு எடுக்கிறவருக்கு மீதியைப் படிக்கப் பொறுமையும் இருக்காது, நள்ளிரவு தாண்டிவிட்டது, கேக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். மீதிப் பாதியில், கட்டளைகளுக்குச் செவிகொடுத்து நடந்தால் என்று இருக்கிறது. அதற்கு முந்தைய வசனத்தை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். ‘நீ கையிட்டுச்செய்யும் வேலைகளையெல்லாம்’ ஆசீர்வதிப்பது பற்றியும், ‘நீயோ கடன்வாங்காதிருப்பாய்’ என்றும் வருகிறது. கடன் வாங்கிப் பந்தயம் கட்டுகிற கைக்கு அந்த அட்டை வந்தது அடையாளம்தான், நீங்கள் நினைத்த அடையாளமாக இல்லாமல் போயிருக்கலாம்.

பந்தயத்தை நான் உப்பரிக்கையிலிருந்து குதிப்பதாகத்தான் பார்க்கிறேன். குதித்துவிட்டு, பிடிக்கிறாரா பார்ப்போம் என்பது. இயேசு அங்கே சொன்ன பதிலில் மாசா என்ற இடத்தின் நினைவு இருக்கிறது. தண்ணீர் இல்லாதபோது ஜனங்கள் ‘கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா’ என்று பரீட்சை பார்த்த இடம். இருபதாவது ஓவரில் நீங்கள் கேட்பதும் அதே கேள்விதானே.

சரி, என்ன செய்வது? உங்களுக்கு ஒரு ஆளை அறிமுகப்படுத்துகிறேன். எவாக்ரியுஸ். நான்காம் நூற்றாண்டு. வேதாகமத்தில் பொந்து என்று வருகிற நாட்டில், இன்றைய துருக்கியின் கருங்கடல் பக்கம், பிறந்தவர். கான்ஸ்டான்டினோப்பிளில் பேர் பெற்ற உதவிக்குரு, வாதத்தில் யாராலும் அசைக்க முடியாதவர். அப்படிப்பட்டவர் ஒரு பெரிய அதிகாரியின் மனைவிமேல் ஆசைப்பட்டுச் சிக்கிக்கொண்டார். வேதத்தில் அவருக்கு என்ன குறைச்சல்? ஆனாலும் விடுபட முடியவில்லை. ஒரு ராத்திரி கனவில் கைதாகிக் கிடக்கிறார். நகரத்தை விட்டுப் போய்விடுகிறேன் என்று சுவிசேஷப் புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறார். விழித்ததும், கனவில் செய்தாலும் சத்தியம் சத்தியம்தான் என்று மூட்டை கட்டிக் கப்பல் ஏறிவிட்டார். எருசலேமுக்குப் போய், அங்கேயும் மனம் தடுமாறி, ஆறு மாதம் காய்ச்சலில் கிடந்து, மெலானியா என்ற துறவி புத்தி சொல்ல, கடைசியில் எகிப்தின் பாலைவனத்துக்குப் போனார். 399இல் சாகும்வரை அங்கேதான்.

அங்கே அவர் ஒரு புத்தகம் எழுதினார். கிரேக்க மூலம் தொலைந்து, சுரியானி மொழிபெயர்ப்பில் தப்பியது. மனிதனைப் பிடிக்கிற நினைப்புகளை எட்டாகப் பிரிக்கிறார்: போஜனப்பிரியம், விபசாரம், பண ஆசை, துக்கம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, அகந்தை. ஒவ்வொன்றின் கீழும் ‘இப்படிச் சொல்கிற நினைப்புக்கு எதிராக’ என்று அந்த நினைப்பை அதன் வாயாலேயே பேசவிட்டு, அதற்கு நேராக ஒரு வசனம். மொத்தம் ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. முன்னுரையில் அவர் சொல்கிற காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும்: சண்டை நடக்கிற நேரத்தில் தேவையான வசனம் சட்டென்று கையில் கிடைக்காது, வேதம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது, அதனால் முன்கூட்டியே தேடி எடுத்து வைத்திருக்கிறேன் என்கிறார்.

அதற்கு அவர் காட்டுகிற ஆதாரம் பிரசங்கி 8:11. நம் வேதாகமத்தில், ‘துர்க்கிரியைக்குத்தக்க தண்டனை சீக்கிரமாய் நடவாதபடியால்’ மனிதர் பொல்லாப்புச் செய்யத் துணிகிறார்கள் என்று இருக்கும். அவர் படித்த கிரேக்க வேதாகமத்தில் ‘தண்டனை’ இருக்கிற இடத்தில் ‘மறுப்புரை’ என்று பொருள்படும் சொல் இருந்தது. பொல்லாப்புக்குச் சீக்கிரம் மறுப்புச் சொல்லாததால் இருதயம் துணிந்துவிடுகிறது என்று அவர் படித்தார். தன் புத்தகத்துக்கும் அந்தச் சொல்லிலிருந்தே பெயர் வைத்தார்.

இன்னொரு நூலில் பண ஆசை எப்படிப் பேசும் என்று எழுதியிருக்கிறார். நீண்ட முதுமை வரும், கை வேலை செய்யாமல் போகும், பஞ்சம் வரும், வியாதி வரும், அடுத்தவரிடம் கை நீட்டுவது அவமானம் என்று அது சொல்லுமாம். பதினாறு நூற்றாண்டுக்கு முன்னால், மணலில் குடிசை போட்டு உட்கார்ந்திருந்த மனுஷன் இதை எழுதியிருக்கிறார். இன்றைக்கு ராத்திரி பதினொன்றரைக்கு உங்கள் காதில் விழுவதும் கிட்டத்தட்ட இதுவாகத்தான் இருக்கும்.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வசனத்தை முதலில் எழுதாதீர்கள். அந்தக் குரல் சொல்வதை, அது சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள். நான் ஊகிக்கிறேன்: ‘விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.’ ‘அவளுக்குத் தெரிவதற்குள் அடைத்துவிடலாம்.’ ‘ஜெயித்தால் தசமபாகம் கொடுத்துவிடலாம்.’ இந்த மூன்றாவதைச் சிரித்துக்கொண்டே எழுதினேன், ஆனால் உங்களுக்கு அது வந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். மன்னியுங்கள், வாய்தவறிவிட்டது.

எழுதிப் பார்த்தாலே பாதி குரல்கள் அசடு வழியும். மீதிக்கு நேராக நீங்களே தேடிப் பதில் எழுதுங்கள். நான் தேடிக் கொடுத்தால் அதுவும் இன்னொரு அட்டையாகிவிடும். இரண்டாவதுக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லாம் மாட்டியிருக்கிறது. நீதிமொழிகள் 28:13: ‘தன் பாவங்களை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான், அவைகளை அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்.’ மனைவிக்குப் பாதி தெரியும், ஐயருக்குக் கால்வாசிகூடத் தெரியாது. ‘கெட்ட பழக்கம்’ என்று சொன்னவருக்கு அவர் வேறு என்ன மருந்து தருவார், பாவம்? அவர்மேல் கோபப்படாதீர்கள். முழுத்தொகையையும் இலக்கத்தில் சொல்லிவிட்டு, அப்புறம் அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

வசனமே இல்லாமல் சோதனையை ஜெயித்தவன் ஒருவன் இருக்கிறான், யோசேப்பு. அவன் காலத்தில் வேதப்புத்தகம் ஏது? ‘நான் இத்தனை பெரிய பொல்லாங்குக்கு உடன்பட்டு, தேவனுக்கு விரோதமாய்ப் பாவம்செய்வது எப்படி’ என்று ஒரு வார்த்தை கேட்டான். ஆசைகாட்டிய எஜமானின் மனைவி அவன் வஸ்திரத்தைப் பிடித்ததும் அதை விட்டுவிட்டு ஓடினான். எவாக்ரியுஸும் கப்பல் ஏறின பிறகுதான் புத்தகம் எழுதினார். 1 கொரிந்தியர் 10:13ஐ நாம் எல்லோரும் சொல்வோம், சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும்படியான ‘போக்கையும்’ உண்டாக்குவார் என்று. அடுத்த வசனத்தின் கடைசிச் சொல் ‘ஓடுங்கள்’. உங்கள் விஷயத்தில் போக்கு என்பது, குழுவிலிருந்து வெளியேறுவது, ஏடிஎம் கார்டையும் யூபிஐ உள்ள ஃபோனையும் ராத்திரி மனைவி கையில் கொடுப்பது, அந்த நண்பரிடம் கொஞ்ச நாள் பேசாமல் இருப்பது. இதெல்லாம் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், யோசேப்பின் வஸ்திரத்தை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

சூதாட்டப் பிடியை மருத்துவமும் ஒரு நோயாகவே பார்க்கிறது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. காய்ச்சலுக்கு ஜெபமும் பண்ணுகிறோம், மாத்திரையும் போடுகிறோம் அல்லவா.

அந்த இரண்டு ரூபாயை அம்மா அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டாள். அடிக்கவில்லை. ‘நேத்து டம்ளர் வாங்கின வசனத்தைச் சொல்லு’ என்றாள். ‘நான் உமக்கு விரோதமாய்’ வரைக்கும் வந்து எனக்கு நின்றுவிட்டது. அந்த வசனத்தை நான் முதல்முறையாகக் கேட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த கடிதம் எழுதுங்கள், அவசியம் எழுதுங்கள். ஆனால் வீட்டில் மீதிப் பாதியைச் சொன்ன பிறகு.

அன்புடன்.