விழுந்து புரண்டு ஆடும் குட்டை ஃபார்வர்ட்: ஒப்பந்தத்தை நீட்டலாமா?

கேள்வி: எங்கள் கூடைப்பந்து கிளப் இந்த சீசனுக்கு மாற்று பவர் ஃபார்வர்ட் (வளையத்தருகே ஆடும் முன்கள வீரர்) ஒருவரை எடுத்திருக்கிறது. ஏஜென்ட் தந்த தாளில் உயரம் 6 அடி 7 அங்குலம். வெறுங்காலில் அளந்தால் 6 அடி 5தான் வருகிறது. ஆட்டத்துக்குச் சராசரியாக 14 நிமிடம், 4 புள்ளி, 3.5 ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 2.5 ஃபவுல். உயிரைக் கொடுத்து ஆடுகிறார், கூட்டத்துக்கு அவரைப் பிடித்துவிட்டது. "வேறு அணி கேட்கிறது, இன்னும் இரண்டு வருடத்துக்கு இப்போதே கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார் ஏஜென்ட். நான் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன், ஆட்ட நுணுக்கம் தெரியாது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: முதலில் அந்த 2 அங்குலம். ஷூவே ஒரு அங்குலம் தூக்கிக் கொடுக்கும், மிச்சத்தை ஏஜென்டின் பேனா கொடுத்திருக்கும். இது இந்த விளையாட்டின் பழைய வியாதி. அமெரிக்காவின் என்பிஏ லீக்கே 2019-20 சீசனில்தான் வீரர்களின் உயரத்தை ஷூ இல்லாமல் அளந்து தரும்படி அணிகளைக் கேட்டது. மற்றப் பல இடங்களில் ஏஜென்ட் எழுதியது அப்படியே அச்சாகிறது. சரிபார்க்க வேண்டியவர்கள் ஒரு டேப் வாங்கக்கூடச் சோம்பல்படுகிறார்கள்.

ஆனால் பந்தை யாரும் தலையால் பிடிப்பதில்லை. அவரைச் சுவரோரம் நிறுத்தி, குதிகால் தரையில் படிய ஒரு கையைத் தூக்கச் சொல்லுங்கள். விரல் நுனி எட்டும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வளையம் 305 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 196 செ.மீ. உயரமுள்ளவர் பொதுவாக 260 பக்கம் எட்டுவார். 265ஐத் தாண்டினால் உங்கள் உயரக் கவலையில் பாதியை விட்டுவிடலாம். 255க்குக் கீழே என்றால் கவலை நியாயமானதுதான். டிரேமண்ட் கிரீன் பட்டியலில் 6 அடி 6தான். விரித்த கை 7 அடியைத் தாண்டும். 2017இல் என்பிஏவின் சிறந்த தற்காப்பு வீரர் விருது அவருக்குப் போனது. சார்ல்ஸ் பார்க்லியும் அதே உயரம், 1986-87இல் ஆட்டத்துக்கு 14.6 ரீபவுண்ட் எடுத்து லீக்கில் முதலிடம் பிடித்தவர். ஏஜென்ட் "மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது" என்று பார்க்லியை இழுத்தால் பேச்சை மாற்றிவிடுங்கள். அப்படி ஒருவர் 14 நிமிட மாற்று ஆட்டக்காரராக உங்களிடம் வந்து நிற்கமாட்டார்.

அடுத்து ஏஜென்ட் காட்டப்போவது 40 நிமிடக் கணக்கு, அதாவது முழு ஆட்டமும் ஆடினால் என்ன வரும் என்பது. 14 நிமிடத்தில் 4 புள்ளி, 3.5 ரீபவுண்ட் என்றால் 40 நிமிடத்துக்கு 11 புள்ளி, 10 ரீபவுண்ட். "டபுள் டபுள் வீரரை (இரண்டிலும் பத்தைத் தொடுபவரை) மாற்று வீரர் விலைக்குத் தருகிறேன்" என்பார். அதே கணக்கில் ஃபவுலையும் பெருக்குங்கள். 14 நிமிடத்தில் 2.5 என்றால் 28ஆவது நிமிடத்தில் 5 ஃபவுல். ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பு) விதிப்படி ஆள் வெளியே. அந்த 40 நிமிடம் ஒருநாளும் வராது. தவிர, அவர் இறங்கும் நேரத்தில் எதிரே நிற்பதும் பெரும்பாலும் மாற்று வீரர்களே. நேரத்தைக் கூட்டினால் எதிராளியின் தரமும் கூடும், எண்கள் அதே விகிதத்தில் கூடாது.

இனி உங்கள் கேள்வியின் நடுவுக்கு வருகிறேன். உயிரைக் கொடுத்து ஆடுகிறார் என்கிறீர்கள். எதற்காக அப்படி ஓட வேண்டியிருக்கிறது என்று பார்த்தீர்களா? கூட்டம் கைதட்டுகிற ஓட்டத்தில் ஒரு பகுதி தன் தவறைத் தானே சரிசெய்கிற ஓட்டம். எதிராளி பந்தை எறிவதுபோல் போக்குக் காட்டியதும் துள்ளி எழுகிறார், ஏமாந்தபின் திரும்ப ஓடுகிறார். திருட முடியாத பாஸுக்குக் கை நீட்டித் தன் ஆளைத் தவறவிட்டு, பின்னாலேயே பாய்கிறார். தன் கையிலிருந்து நழுவிய பந்துக்கே தரையில் விழுகிறார். தானே கொட்டிய தண்ணீரை ஓடி ஓடித் துடைப்பவரைச் சுறுசுறுப்பானவர் என்று மெச்சுவதுபோலத்தான் இது. ஹைலைட் வீடியோவில் துடைப்பது மட்டும் இருக்கும், கொட்டியது வெட்டப்பட்டிருக்கும். அந்த வீடியோவை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். தொடர்ச்சியாக 5 முழு ஆட்டங்களின் பதிவைக் கேளுங்கள். எந்த ஐந்து என்பதை நீங்கள் சொல்லுங்கள், ஏஜென்ட் சொல்லக்கூடாது.

தாளில் இரண்டு பத்தி போடுங்கள். அவர் தரையில் விழுந்தாலோ, பின்னால் துரத்தினாலோ, அவசரமாக உதவிக்குப் பாய்ந்தாலோ ஒரு கோடு. காரணம் மற்றவர் தவறு அல்லது எதிரணியின் நல்ல ஆட்டம் என்றால் இடப்பக்கம். அவருடைய தவறே என்றால் வலப்பக்கம். 5 ஆட்டத்தின் முடிவில் வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த உழைப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். இதற்கு நுணுக்கம் தேவையில்லை, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் பொறுமை போதும்.

ரீபவுண்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆடுகளத்தில் பத்துப் பேர் இருப்பதால் ஒருவரின் சராசரிப் பங்கு 10 சதவீதம். அவருடைய ரீபவுண்டை 40ஆல் பெருக்கி, அவர் ஆடிய நிமிடத்தையும் இரு அணிகளின் மொத்த ரீபவுண்டையும் பெருக்கிய எண்ணால் வகுத்தால் அவருடைய பங்கு வரும். ஓர் ஆட்டத்தில் மொத்தம் 75 ரீபவுண்ட் என்று வைத்தால், 140ஐ 1050ஆல் வகுக்க வேண்டும்: 13 சதவீதம். வெளியே நின்று பந்தை நடத்தும் கார்டுகளின் பங்கு குறைவு என்பதால் உள்ளே நிற்பவர் 10ஐத் தாண்டத்தான் வேண்டும். ஆகவே 13 நல்லதுதான், வியக்கும்படி இல்லை.

அந்த எண் யாருடைய பந்து என்று சொல்லாது. சிலர் எதிராளியை இடுப்பாலும் முதுகாலும் முட்டி வெளியே நிறுத்துவார்கள் (பாக்ஸ் அவுட்), பந்தைச் சக வீரர் எடுப்பார். கணக்குத் தாளில் அவருக்குப் பூஜ்யம். வேறு சிலர் யாரையும் தொடாமல் பந்தின் கீழே போய் நின்று, சக வீரருக்கு வரவிருந்ததைப் பறிப்பார்கள். அதற்கு ஒன்று ஏறும். பாக்ஸ் அவுட்டை எண்ணாத கணக்குத் தாளை வைத்துக்கொண்டு சம்பளம் பேசும் இந்த ஏற்பாட்டை என்னவென்று சொல்வது! அதனால் அவர் எடுத்ததை விடுங்கள். அவர் ஆடுகளத்தில் இருக்கும்போது எதிரணி தவறவிட்ட பந்துகளில் உங்கள் அணி எத்தனையை எடுத்தது என்று எண்ணுங்கள். 5 ஆட்டத்தில் அவருடைய நேரத்தில் சுமார் 60 பந்து வரும். 42க்கு மேல், அதாவது 70 சதவீதத்தைத் தாண்டினால் உயரம் உங்களை அடிக்கவில்லை. 38, 39 என்றால் அடிக்கிறது. 60 பந்து சின்னக் கணக்கு, ஒன்றிரண்டு வித்தியாசத்துக்குச் சண்டை போடாதீர்கள்.

தாக்குதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பந்து இவர் கையில் இல்லாதபோது, இவரைக் காக்க வேண்டிய எதிரணி வீரர் எங்கே நிற்கிறார்? இவர் மூலையில் நிற்க, அந்த ஆள் வளையத்தின் கீழ் கால் வைத்திருந்தால் உங்கள் நால்வர் ஐவரோடு ஆடுகிறார்கள். "த்ரீ (தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி) போடுவார், 40 சதவீதம்" என்று ஏஜென்ட் சொன்னால் எத்தனை முயற்சி என்று கேளுங்கள். 10க்கு 4 என்பது எண்ணே இல்லை. ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள், அங்கே முயற்சிகள் அதிகம், காப்பவரும் இல்லை. 75 சதவீதம் என்றால் கை தேறும். 60க்குக் கீழே என்றால் மூலையில் நிறுத்துவது வீண். பி.ஜே. டக்கர் 6 அடி 5 உயரத்தில், பல வருடம் வெளிநாட்டு லீக்குகளில் ஆடிவிட்டு என்பிஏவுக்குத் திரும்பி நிலைத்ததற்கு, தற்காப்போடு அந்த மூலை த்ரீயும் காரணம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை விளக்கியே ஆக வேண்டும். பக்கத்தில் ஆடும் சென்டர் (வழக்கமாக அணியின் மிக உயரமான வீரர்) எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்து மேலே சொன்ன பாதி மாறிவிடும். சென்டர் வளையத்தைக் காக்கவும் வெளியிலிருந்து எறியவும் தெரிந்தவர் என்றால், குட்டை ஃபார்வர்டுக்கு வேலை சுலபம். தற்காப்பில் இவர் பெரிய ஆளின் முன்னால் போய் நின்று பாஸை மறிக்கலாம். தலைக்கு மேலே தூக்கிப் போட்டால் பின்னால் சென்டர் இருக்கிறார். தாக்குதலில் சென்டர் வெளியே நின்று தன் காவலரை இழுத்துக்கொள்ள, இவர் வளையத்தருகே ஒதுங்கி நிற்கலாம், த்ரீ தெரியாவிட்டாலும் இடம் அடையாது. 2021இல் மில்வாக்கி அணி என்பிஏ சாம்பியன் ஆனபோது டக்கருடன் சென்டர் புரூக் லோபஸ் இருந்தார். பிளாக்கும் செய்வார், த்ரீயும் போடுவார். போதாததற்கு அணியின் நட்சத்திரம் யானிஸ் அன்டெடொகும்போவும் இருந்தார்.

இந்த விலக்கைத்தான் எல்லாரும் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். "எங்களிடமும் அப்படிச் சென்டர் இருக்கிறாரே" என்பார்கள். இருக்கலாம். ஆனால் உங்கள் ஆள் மாற்று வீரர். முதல் வரிசை ஓய்வெடுக்கும்போது இவர் இறங்குகிறார், அதே நேரத்தில் அந்தச் சென்டரும் பெஞ்சுக்குப் போகிறார். இவர் பக்கத்தில் நிற்பது மாற்று சென்டர். அவருக்கு இந்த இரண்டும் தெரியாவிட்டால் விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. 14 நிமிடத்தில் முதல் சென்டரோடு சேர்ந்து ஆடியது எத்தனை என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். 4, 5 நிமிடம்தான் என்றால், சென்டரைச் சற்று முன்பே உட்காரவைத்து இவரோடு திரும்ப இறக்க முடியுமா என்றும் கேளுங்கள். முடியாது என்றால் மேலே சொன்ன எண்களையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம். "வேறு அணி கேட்கிறது" என்றால் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத அணி இல்லாத அணி. ஃபிபா உரிமம் உள்ள ஏஜென்டா என்று பாருங்கள். ஃபிபா விதிப்படி அவருடைய கூலி சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதை யார் கொடுப்பது என்பதும் தாளில் இருக்க வேண்டும். தகராறு வந்தால் ஜெனீவாவை இருக்கையாகக் கொண்ட பிஏடி என்ற கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகும் என்ற வரியைப் பல சிறிய கிளப்புகள் படிக்காமலே கையெழுத்திடுகின்றன. பிற்பாடு பாக்கிச் சம்பளத்தோடு ஏஜென்டின் கூலிக்கும் அங்கே வழக்கு வரும்.

ஒரு வருடத்துக்கு மட்டும் நீட்டுங்கள். இரண்டாவது வருடத்தை முடிவு செய்யும் உரிமை கிளப்பிடம் இருக்கட்டும், அந்தக் கடைசித் தேதியைச் சீசன் முடிந்தபின் வையுங்கள். நடுவில் வைத்தால் ஏஜென்ட் ஆட்டம் பார்க்கவிடாமல் நச்சரிப்பார். கையெழுத்துக்கு முன் முழங்கால், கணுக்கால், கீழ்முதுகு மூன்றையும் உங்கள் மருத்துவரே பார்க்கட்டும். தன்னைவிடப் பெரியவர்களோடு தினம் மோதுகிறவருக்கு முதலில் போவது இவைதான். போனஸ் கொடுக்க வேண்டுமென்றால் அணியின் வெற்றிக்குக் கொடுங்கள். ரீபவுண்டுக்குக் கொடுத்தால் அடுத்த ஆட்டத்திலிருந்தே பாக்ஸ் அவுட்டை விட்டுவிட்டுப் பந்தின் கீழே போய் நிற்பார்.