பூ, பிஞ்சு, விதை: தாவரவியல் ஆசிரியையிடம் கேளுங்கள்

கேள்வி (மாடித்தோட்டக்காரர், திருச்சி): அம்மா, பூசணிக்கொடியில் பூவுக்குக் குறைவில்லை. பிஞ்சுதான் மஞ்சளாகி வெம்பி உதிர்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்தை முதலில் எடுத்து வையுங்கள். நாளை விடிந்ததும் கொடியருகே போய் நில்லுங்கள். மெல்லிய நீண்ட காம்பில் நிற்பது ஆண் பூ. இதழ்களுக்குக் கீழே சின்ன உருண்டை இருந்தால் அது பெண் பூ. அந்த உருண்டைதான் சூலகம். கொடி முதலில் ஆண் பூக்களைத்தான் விடும். அவை உதிர்வது இயல்பு. பெண் பூ வந்தபிறகும் பிஞ்சு வெம்பினால், பெரும்பாலும் தேனீ வரவில்லை என்று பொருள். பூசணியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் போகாது. பூவோ ஒரே ஒரு காலைப்பொழுதுதான் திறந்திருக்கும். அன்றைக்கே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் சூலகமுடியில் தடவுங்கள். மூன்று மடல்களிலும் படவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணிக்கொள்ளும். பூச்சிக்கொல்லி அடித்தே தீரவேண்டும் என்றால் மாலையில் அடியுங்கள். பூத்திருக்கும் காலையில் அடித்தால் நம் விளைச்சலுக்கு நாமே உலை வைக்கிறோம்.

கேள்வி (அதே வாசகர்): சுரை, பீர்க்கனுக்கும் காலையில்தானா?

பதில்: இல்லை. இரண்டும் அந்தியில் மலர்பவை. மாலை மங்கும்போது தடவுங்கள்.

கேள்வி (பிளஸ் டூ மாணவி, தேனி): இரட்டைக் கருவுறுதல் எத்தனை முறை படித்தாலும் மனதில் நிற்கவில்லை, மிஸ்.

பதில்: ஓர் இளநீரை வெட்டிப் பார், கண்ணு. மகரந்தக் குழல் இரண்டு ஆண் செல்களைச் சூலுக்குள் கொண்டுவருகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று நடுவிலுள்ள உட்கருக்களோடு சேர்ந்து, கருவுக்குச் சோறூட்டும் கருவூண் திசுவாகிறது. 1898-இல் ரஷ்யாவின் நவாஷின் லில்லி இனப் பூக்களில் இதைக் கண்டார். நீ குடிக்கும் இளநீரே கருவூண் திசுதான். செல்சுவர் இல்லாமல் உட்கருக்கள் மிதக்கும் நீர். தேங்காய் முற்ற முற்றச் சுவரோரமாகச் செல்கள் படிந்து பருப்பாகின்றன. கரு எங்கே? மூன்று கண்களில் மெதுவாக இருக்கும் ஒன்றின் அடியில், விரல்நுனியளவு கூட இல்லாமல் படுத்திருக்கும். முளைக்கும்போது உள்ளே திரளும் தேங்காய்ப்பூ, அந்தக் கரு உணவை உறிஞ்சிக்கொள்ள வளர்த்த உறுப்பு. இதைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதே. அடுத்த முறை தேங்காய் உடைக்கும்போது அந்தக் கருவைத் தேடி எடுத்துப் பார்.

கேள்வி (விவசாயி, திண்டிவனம்): கடலைக்கு மண் அணைக்க ஆள் கிடைப்பதில்லை. விட்டுவிட்டால் என்ன?

பதில்: காய் குறையும், ஐயா. கடலைப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுற்று ஒரே நாளில் வாடிவிடும். பிறகு சூலகத்தின் அடிப்பகுதி ஊசி போன்ற விழுதாக நீண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. இருட்டு கிடைத்தால்தான் விழுதின் நுனி காயாகும். மேல்கணுவில் பூத்தவற்றின் விழுது தரையைத் தொடாமலே காய்ந்துபோகும். 40–45 நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சத்தைக் காய் வேரிடம் வாங்குவதில்லை, சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரே எடுக்கிறது. அதன்பிறகு களைக்கொட்டால் கொத்தாதீர்கள்.

கேள்வி (வாசகி, தூத்துக்குடி): ஆலமரம் பூத்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் பனை உச்சியிலும் ஆலங்கன்று முளைக்கிறதே?

பதில்: பழம் என்று நாம் சொல்லும் சிவப்பு உருண்டைக்குள்தான் பூக்கள் இருக்கின்றன, நூற்றுக்கணக்கில். நுனியிலுள்ள துளை வழியே, அரிசியைவிடச் சிறிய குளவி தான் பிறந்த பழத்தின் மகரந்தத்தோடு நுழைகிறது. நெருக்கத்தில் இறக்கைகள் முறிந்துபோகும்; முட்டையிட்டு உள்ளேயே மடியும். ஆலுக்கென்றே உள்ள குளவி அது. பழுத்ததும் மைனா, குயில், குக்குறுவான், வௌவால் எல்லாம் தின்ன வருகின்றன. எச்சத்தோடு விழும் விதைக்குப் பனைமட்டை இடுக்கிலுள்ள குப்பையும் ஈரமும் போதும்.

கேள்வி (ஆடு வளர்ப்பவர், இராமநாதபுரம்): சீமைக்கருவேல நெற்றை ஆடு தின்னலாமா? தின்றால் காடு பெருகும் என்கிறார்கள்.

பதில்: பெருகுவது உண்மை. நெற்றின் இனிப்புச் சதைக்கு ஆசைப்பட்டு ஆடுமாடுகள் தின்கின்றன. கெட்டித்தோல் விதைகளில் பல வயிற்றைக் கடந்தும் சாகாமல் புழுக்கையிலும் சாணத்திலும் முளைக்கின்றன. நெற்றை நன்றாகக் காயவைத்து, விதையும் நொறுங்கும்படி மாவாக அரைத்து, மற்ற தீவனத்தோடு அளவாகக் கலந்து கொடுங்கள்.