வாசகர் கேள்வி–பதில்: அம்மன் கோயிலும் தப்பிசையும்

கேள்வி: மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்துப் பஞ்சரத பவனியைப் பலரும் போற்றுகிறார்கள். மலையக அம்மன் கோயில்களின் இசை மரபு என்று எதைச் சொல்வீர்கள்? (வாசகர், ஹட்டன்)

பதில்: நாதஸ்வரமும் தவிலும் எங்கும் உண்டு, ஆனால் மலையகத்து மாரியம்மன் திருவிழாவின் உயிர், தப்பு என்னும் பறை வகைத் தோல்கருவியின் இசையான தப்பிசையே என்பேன். தமிழகத்திலிருந்து கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் தப்பு, உறுமி, கரகம், அம்மனைக் குளிர்விக்கப் பாடும் மாரியம்மன் தாலாட்டு ஆகியவற்றையும் உடன் கொண்டுவந்தனர். மலைப்பனியின் ஈரத்தில் தப்பின் தோல் தளர்ந்துவிடுவதால், கலைஞர்கள் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, ஓசை கணீரென்று எழுந்த பின்னரே சுண்டுக்குச்சியையும் அடிக்குச்சியையும் கையில் எடுப்பார்கள். தோட்டத்தில் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) ஆள் அழைக்கவும், சாவு வீட்டிலும் அதே தப்பு ஒலித்ததைக் காரணங்காட்டி அதைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்துவது பெருந்தவறு. தவில் கலைஞருக்குரிய மாலையும் சன்மானமும் தப்புக் கலைஞருக்கும் தரப்பட வேண்டும்.