மிளகுச் செடிக்கு எவ்வளவு வெயில், எவ்வளவு நிழல்?

கேள்வி: பக்கத்து நர்சரியில் 'குத்து மிளகு' (மரத்தில் ஏறாமல் புதராக நிற்கும் மிளகு) என்று 350 ரூபாய்க்கு ஒரு செடி வாங்கினேன். "நல்ல வெயிலில் வையுங்கள், அப்போதுதான் காய்க்கும்" என்றார் கடைக்காரர். மொட்டை மாடியில் வைத்தேன். மூன்றே வாரத்தில் இலைகள் மஞ்சளாகி, நடுவில் பழுப்புத் திட்டுகள் வந்துவிட்டன. இது நோயா? செடியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?
— வாசகி, மதுரை

பதில்: நோயாக இருக்க வாய்ப்புக் குறைவு. வெயில் சுட்டிருக்கிறது. உறுதி செய்துகொள்ள இரண்டு இடங்களைப் பாருங்கள். மேலே வெயில் படும் இலைகள் வெளுத்து, அவற்றின் நிழலில் இருக்கும் அடி இலைகள் பச்சையாகவே இருந்தால் அது வெயில்தான். மண்ணை ஒட்டிய தண்டுப் பகுதி கறுத்து, விரலால் அழுத்தினால் கொழகொழவென்று இருந்தால் அது வாடல் நோய். அப்படியானால் அந்தச் செடியைக் காப்பாற்றுவது கடினம். மற்ற தொட்டிகளிடமிருந்து உடனே தள்ளி வையுங்கள்.

மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் பிறந்த கொடி. பெரிய மரங்களின் அடியில் முளைத்து, அடிமரத்தைப் பற்றிக்கொண்டு வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறும். இலைகளுக்கு நடுவே சிதறி விழும் வெயில்தான் அதற்குப் பழக்கம். சுட்டெரிக்கும் சிமெண்ட் தரையும் நாள் முழுக்க நேர் வெயிலும் அதற்குத் தெரியாதவை. மலைத் தோட்டங்களில் சில்வர் ஓக்கிலோ முள்முருங்கையிலோ கொடியை ஏற்றும்போது மரத்தின் வடக்குப் பக்கத்தில் நடுவது வழக்கம். பிற்பகல் வெயில் இளங்கொடியைத் தாக்காமல் மரமே மறைத்துக்கொள்ளும். அதே தோட்டக்காரர்கள் மழைக்காலம் தொடங்கும் முன் நிழல் மரங்களைக் கவாத்து செய்து வெளிச்சத்தை உள்ளே விடுகிறார்கள். நிழல் கூடினால் மிளகு காய்க்கும் கதிர்கள் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதனால் உங்கள் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. வெளிச்சம் இல்லாமல் மிளகு காய்க்காது. ஆனால் மதுரை மொட்டை மாடியின் உச்சி வெயில் காட்டு வெளிச்சம் இல்லையே!

இப்போது செய்ய வேண்டியது இதுதான். காலை பத்து மணி வரை வெயில் பட்டு, அப்புறம் நிழல் விழும் இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். கிழக்குப் பார்த்த சுவரோரம் மிக நல்லது. சுட்ட இலைகள் மறுபடி பச்சையாகாது, ஆனாலும் எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். பாதி பச்சை உள்ள இலையும் செடிக்குச் சோறு போடும். புதுத் தளிர் வந்த பிறகு பழையதை எடுக்கலாம்.

வேறு இடம் இல்லை, மாடிதான் என்றால் நிழல் வலை கட்டுங்கள். பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீத வலை போதும். 75 சதவீதம் மிளகுக்கு அதிகம். வலை வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு: கைபேசியில் ஒளி அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, வலைக்கு வெளியிலும் அடியிலும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். செயலி காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டுக்கும் உள்ள விகிதம் போதும். வெளியே 100 என்றால் அடியில் ஏறக்குறைய 50 வர வேண்டும். 50 என்று எழுதிவிட்டு 30 மறைக்கும் மெல்லிய வலையைத் தருவதைப் பார்த்திருக்கிறேன். நிழல் வலைக்கான இந்தியத் தரக்குறியான ஐ.எஸ். 16008 இருக்கிறதா, புற ஊதாக் கதிரைத் தாங்கும் வலையா என்றும் கேளுங்கள். செடியின் தலைக்கு மேல் இரண்டு மூன்று அடி இடைவெளி விட்டுக் கட்டினால்தான் சூடு வெளியேறும்.

மாற்றித் தரக் கேட்பது பற்றி: விற்றபோது செடி நன்றாக இருந்திருக்கிறது, வாய்மொழி யோசனைதான் தவறாகிவிட்டது. நேரில் போய்ச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் ஏதாவது செய்வார். வழக்கு என்று போனால் நிரூபிப்பது கடினம். இனி வாங்கும்போது ரகத்தின் பெயரையும், எவ்வளவு வெயில் தேவை என்பதையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

கேள்வி: வடக்குப் பார்த்த பால்கனியில் மூன்று வருடமாக மிளகு வளர்க்கிறேன். இலைகள் செழிப்பாக இருக்கின்றன, ஒரு கதிர்கூட வரவில்லை. குத்து மிளகு என்றுதான் கொடுத்தார்கள்.
— வாசகர், கோவை

பதில்: முதலில் அது குத்து மிளகுதானா என்று பாருங்கள். மிளகுக் கொடியில் மேலேறும் தண்டும், தரையில் படரும் ஓடுகொடியும், காய்க்கும் பக்கக் கிளையும் உண்டு. பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தால்தான் குத்து மிளகு. அது ஏறாது, புதராகவே நிற்கும், முதல் வருடத்திலேயே கதிர் விடும். ஓடுகொடியை நட்டால் சாதாரண ஏறுகொடிதான் வரும், அதற்கு ஏற மரமும் உயரமும் சில வருடங்களும் வேண்டும். கணுக்களில் பற்றுவேர்கள் கொத்தாக இருந்தால் உங்களுக்குக் கிடைத்தது ஏறுகொடி. கணுக்கள் வழவழப்பாக இருந்தால் குத்து மிளகு. ஓடுகொடி எடுக்க எளிது, நிறையக் கிடைக்கும். அதனால் தெரிந்தோ தெரியாமலோ அதையே குத்து மிளகாக விற்றுவிடுகிறார்கள்.

உண்மையிலேயே குத்து மிளகுதான் என்றால் வெளிச்சக் குறைவுதான் காரணமாக இருக்கும். நம் ஊரில் சூரியன் வருடம் முழுக்க ஒரே பக்கம் போவதில்லை. கோவையில் ஏறக்குறைய ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே உங்கள் பால்கனிக்குக் கோடையில் கொஞ்சம் வெயில் கிடைக்கும், ஐப்பசியிலிருந்து மாசி வரை நேர் வெயிலே வராது. வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். நிழல் கூர்மையாக விழுந்தால் நேர் வெயில். ஓரம் கலங்கி விழுந்தால் மிளகுக்கு ஏற்ற வெளிச்சம். நிழலே சரியாகத் தெரியவில்லை என்றால் அங்கே இலைதான் வளரும்.

ரகத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் தந்த பன்னியூர்-1 நீளமான கதிர் விடும் கலப்பினம். நர்சரிகளில் அதைத்தான் பெருமையாகக் காட்டுவார்கள். ஆனால் அடர்ந்த நிழல் அதற்கு ஆகாது. பன்னியூர்-5 நிழலைத் தாங்கும், தென்னை, பாக்குத் தோப்புகளில் ஊடுபயிராக வைக்கிறார்கள். நிழலான பால்கனிக்குப் பன்னியூர்-1 வாங்குவது பணத்துக்குக் கேடு என்பேன்.

கதிர் வந்த பிறகு காலையில் மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளித்துவிடுங்கள். மிளகின் மகரந்தம் பரவ மழைத்துளி உதவுகிறது, கூரைக்கு அடியில் இருக்கும் செடிக்கு அந்த மழை கிடைப்பதில்லை.

கேள்வி: இணையத்தில் காய்த்துக் குலுங்கும் படத்தைப் பார்த்து 'ஒட்டுக் குத்து மிளகு' வாங்கினேன். வந்தது கணுவுக்குக் கணு வேர் விட்ட சின்னக் கொடி. "உயிருள்ள செடிகளைத் திரும்பப் பெறுவதில்லை" என்கிறார்கள்.
— வாசகர், திருச்சி

பதில்: அந்த அறிவிப்புக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன.

மிளகை வழக்கமாகக் கொலுப்ரினம் என்ற தென் அமெரிக்க மிளகு இனத்தின் மீது ஒட்டுவார்கள். வாடல் நோயைத் தாங்கும் வேர் அது. ஒட்டுச்செடியில் தண்டின் அடியில் ஒட்டிய தழும்பு கட்டாயம் தெரியும். உங்கள் செடியில் அது இல்லை என்றால் அதையும் படம் எடுங்கள். பெட்டி, முகவரிச் சீட்டு, விளம்பரப் பக்கம் எல்லாவற்றையும் இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விளம்பரத்தை அவர்கள் மாற்றிவிடலாம். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

விவசாயத்துக்காக 100, 200 கன்று வாங்கியவர்கள் தாங்கள் நுகர்வோர் இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது.

வந்த கொடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். புகார் முடியும் வரை அதுதான் உங்கள் ஆதாரம். அதுவரை கிழக்குப் பக்க நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள்.