பார்லரில் போட்ட ஊசியால் இமை இறங்கிவிட்டது: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: எனக்கு 49 வயது, பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் முகச் சுருக்கம் குறையட்டும் என்று கும்பகோணத்தில் ஒரு பியூட்டி பார்லரில் நெற்றிக்குப் போடாக்ஸும், மூக்கோரத்திலிருந்து வாய் வரை விழும் கோட்டுக்கு, பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசியும் போட்டுக்கொண்டேன். மாதம் ஒரு ஞாயிறு வெளியூரிலிருந்து வரும் ‘டாக்டர் மேடம்’தான் போட்டார். சீட்டு எடுத்த பணம் 26,000 ரூபாயை பார்லர் கணக்குக்குக் கூகுள் பேயில் அனுப்பினேன். பில் தரவில்லை, ஒரு தாளில் மட்டும் கையெழுத்து வாங்கினார்கள். ஐந்தாம் நாள் வலது இமை இறங்கிவிட்டது. மூன்று வாரம் ஆகிறது. இப்போது 10,000 தருகிறோம், எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். “இந்த வயசுல இது எதுக்கு, வெளியே தெரிஞ்சா அசிங்கம்” என்கிறார் வீட்டுக்காரர். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும் அம்மா. முதல் வேலையாக, அவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை’ என்ற ஒரு வரி போதும், பின்னால் எந்த மன்றத்துக்குப் போனாலும் அதைத்தான் முதலில் காட்டுவார்கள்.

அடுத்தது, நாளைக்கே ஒரு டாக்டரிடம் போங்கள். போடாக்ஸ் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் மருந்து. அது தள்ளிப் பரவினால் இமையைத் தூக்கும் தசையும் தளர்ந்துவிடும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகச் சரியாகும். உங்கள் கண்ணுக்கு அது நல்ல செய்தி. வழக்குக்கோ அதுதான் சிக்கல், ஏனென்றால் இமை ஏறியதும் சாட்சியும் போய்விடும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவிலும் தோல் பிரிவிலும் காட்டி, என்ன பாதிப்பு, எதனால் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் பேச்சு, குரல் பதிவு, கூகுள் பே ரசீது எதையும் அழிக்காதீர்கள், அந்தப் போனை மாற்றவும் வேண்டாம். யூரியா மூட்டைக்கு வாங்கிய ரசீதை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைக்கிற நம் ஊர்ப் பெண்கள், தங்கள் உடம்புக்குச் செய்த வைத்தியத்துக்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் என்னிடம் வந்து நிற்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

சரி, உங்கள் வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது? ஊசி போட்ட மேடம் யார் என்பதில். முழுப் பெயர், பதிவு எண், போட்ட மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாவற்றையும் கேட்டு பார்லருக்கும் அவருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதிவு பெற்ற டாக்டர் என்றால், நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்பைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. பெயரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம்.

அவர் டாக்டரே இல்லை என்று தெரிந்தால் வழக்கின் முகமே மாறிவிடும். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 34-ன்படி, பதிவில்லாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டப்படி நீங்கள் நேராக நீதிமன்றம் போக முடியாது, மருத்துவக் கவுன்சில் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் ஒரு நகல் போகட்டும். டாக்டர் என்று பொய் சொல்லிப் பணம் வாங்கியது ஏமாற்றுக் குற்றம், அதற்குக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். ஹோமியோபதி படித்தவராக இருந்தாலும் தப்ப முடியாது. படிக்காத முறையில் வைத்தியம் செய்வதே கவனக்குறைவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல், பூனம் வர்மா வழக்கில் சொல்லிவிட்டது.

உண்மையிலேயே தகுதியுள்ள டாக்டர் என்றால் பாதை கொஞ்சம் கடினம். இமை இறங்குவது, கவனமாகப் போட்டாலும் சிலருக்கு வரக்கூடிய பக்கவிளைவு. அது வந்ததை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது. ஆனால் அப்படி வரலாம் என்று உங்களுக்கு முன்கூட்டியே புரியும்படி சொன்னார்களா? நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றிய பயம் இங்கேதான் தீர்கிறது. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி எல்லாம் தெரிந்து கொடுப்பதுதான் சம்மதம். படித்துக் காட்டாமல் வாங்கிய கையெழுத்து அவர்களைக் காப்பாற்றிவிடாது.

நீங்கள் போக வேண்டிய இடம் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பார்லர், மேடம் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். “அவங்க வெளியிலிருந்து வர்றவங்க, எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று பார்லர் சொன்னால், பணம் யார் கணக்குக்குப் போனது என்பதே பதில். பில் தராததும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கட்டிய பணம், வைத்தியச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை என்று கேட்கலாம். இமை முழுதாகச் சரியாகிவிட்டால் இழப்பீடு பெரிதாக இருக்காது, லட்சக்கணக்கில் எதிர்பார்க்காதீர்கள்.

ஃபில்லர் பற்றி, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து ஒன்று. அது ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் வெளுக்கும், கடுமையாக வலிக்கும், கண்பார்வைகூடப் போகலாம். அப்போது வக்கீலைத் தேடாதீர்கள், அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு: மகள் கல்யாணத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒரு தாய் நினைத்ததில் அசிங்கம் எதுவும் இல்லை ஐயா. ஏன் போட்டுக்கொண்டார் என்பது ஆணையத்தில் கேள்வியே இல்லை. கூட ஒரு நாள் வாருங்கள், அதுவே அவருக்குப் பெரிய பலம்.

வக்கீல் கட்டணம் பாரமாக இருந்தால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி இலவசம். தஞ்சாவூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். போகும்போது டாக்டர் சீட்டும் பதிவுத் தபால் ரசீதும் கையில் இருக்கட்டும்.